சாவின் ஓசையும் சகிப்பும்

சகிப்பு என்ற சொல்லை நாம் இரண்டு இடங்களில் உபயோகிக்கிறோம். வலியைப் பற்றிப் பேசும்போது ஒன்று. அடுத்தவனைப் பற்றிப் பேசும்போது மற்றது. பல்வலியைச் சகித்துக்கொள்கிறவனும் மாற்றுக் கருத்தைச் சகித்துக்கொள்கிறவனும் ஒரே முகபாவத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அடிக்கக் கை இருந்தும் அடிக்காமல் இருப்பது என்பதே இந்தச் சொல்லுக்கு நாம் தந்திருக்கிற ஒழுக்க மதிப்பு. அடிக்கக் கையில்லாதவனின் பொறுமையை யாரும் சகிப்புத்தன்மை என்று பாராட்டுவதில்லை. அதற்கு வேறு பெயர்கள் இருக்கின்றன.

உடம்பைப் பற்றிய விஞ்ஞானமும் இதே சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதைத் தாக்காமல் விடுகிறதோ அதைச் ‘சகித்துக்கொள்கிறது’ என்கிறார்கள். தாக்கினால், தாக்கிய இடம் சிவந்து, சுட்டு, வீங்கி, வலித்தால், அழற்சி என்கிறார்கள். சகிப்பு ஒரு பக்கம், அழற்சி மறுபக்கம். சொற்கள் இப்படி ஜோடி சேர்ந்தவுடன் ஒன்று நல்லதாகவும் மற்றது கெட்டதாகவும் ஆகிவிடுகின்றன.

எனக்கு இந்த விஞ்ஞானத்தோடு தொழில்ரீதியான சம்பந்தம் கிடையாது. என் பெரியம்மா மகளுக்கு, அக்கா என்றே சொல்கிறேன், 27 வயதில் லூபஸ் என்று முடிவு சொன்னார்கள். மூட்டுவலி, முடி உதிர்தல், இரு கன்னங்களிலும் மூக்கின் மேலாக ஒரு சிவப்பு, பிறகு சிறுநீரில் புரதம். சொன்ன டாக்டர் நல்ல மனிதர்தான், அவசரத்தில் இருந்தார். “உங்க உடம்பே உங்களை எதிரியா நெனச்சுத் தாக்குதும்மா” என்றார். அந்த ஒரு வாக்கியம் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாத்திரைகள் மூட்டுவலியைக் குறைத்தன. வாக்கியத்தை ஒன்றும் செய்யவில்லை. பல வருஷங்கள் அவள் தன் உடம்பின்மீது ஒரு குற்றச்சாட்டோடும், தன்மீது அதைவிடப் பெரிய குற்றச்சாட்டோடும் நடமாடினாள். தன்னை வெறுக்கிறவர்களுக்குத்தான் இந்த வியாதி வரும் என்று உறவினர் ஒருவர் சொல்லியும்விட்டார் (இப்படிச் சொல்வதற்கு உறவினர்கள் எப்போதும் கிடைப்பார்கள்). உருவகம் என்பது கவிஞர்கள் மட்டும் கையாளும் பண்டம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்த வாக்கியத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக், உடம்பு தன் திசுக்களுக்கு எதிராகவே நஞ்சை உண்டாக்கிக்கொள்ள அஞ்சுகிறது என்ற கருத்துக்கு லத்தீனில் ஒரு பயங்கரமான பெயர் சூட்டினார். ஆஸ்திரேலியரான மக்ஃபர்லேன் பர்னெட் 1949-ல் ஃபென்னருடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் ‘தான்’, ‘பிற’ என்ற பாகுபாட்டை இந்தத் துறையின் மையத்தில் வைத்தார். போர்க்காலத்தில் தீக்காயம் பட்டவர்களுக்கு அடுத்தவர் தோல் ஏன் ஒட்டுவதில்லை என்று யோசிக்க ஆரம்பித்த பீட்டர் மெடவார், பில்லிங்ஹாம், ப்ரென்ட் என்ற இருவருடன் சேர்ந்து 1953-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். கருவில் இருக்கும் எலிக்கு வேறொரு வம்சத்து எலியின் செல்களைச் செலுத்திவிட்டால், வளர்ந்தபின் அந்த வம்சத்தின் தோலை அது தன்னுடையதாகவே வைத்துக்கொள்கிறது. ‘தான்’ எது என்பது கற்றுக்கொள்ளப்படுவது. ஆகவே மாற்றிக் கற்பிக்கவும் முடிவது. 1960-ல் பர்னெட்டுக்கும் மெடவாருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து பிறந்தது ஒரு தேசத்தின் படிமம். எல்லை, காவலர்கள், அடையாளச் சீட்டு, ஊடுருவல். ‘தான்’ என்பது முன்கூட்டியே தயாராகிவிட்ட ஒரு பட்டியல். பட்டியலில் இல்லாதவனை அடி. பட்டியலில் இருப்பவனை விடு. நம் வட்டாரத்துக் கட்டுரைகளில் ‘சுயம்’ என்ற சொல் படும் பாட்டையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அங்கேயும் அது பெரும்பாலும் ஒரு மதில்சுவர்தான்.

இந்தப் படிமம் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற உறுப்பில் எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதி செல்கள் உருவாகின்றன. உருவாகிறவற்றில் 100-க்கு 95-க்கு மேல் அங்கேயே சாகின்றன. உடம்பின் சொந்தப் பொருட்களை வெறியோடு பற்றுபவை சாகின்றன, இது எதிர்பார்க்கக்கூடியது. ஆனால் எதையும் பற்றாதவையும் சாகின்றன, கவனிப்பாரற்று. தன் உடம்பை லேசாக, மிதமாகப் பற்றத் தெரிந்தவை மட்டும் வெளியே வருகின்றன. அதாவது, காவலுக்கு வரும் ஒவ்வொன்றும் ‘தான்’ என்பதைத் தொட்டு அறிந்துதான் வருகிறது. தன்னை அறிவது வியாதி அல்ல, உத்தியோகத்துக்கே அதுதான் தகுதி. அக்காவின் டாக்டர் இதையாவது சொல்லியிருக்கலாம்.

அப்படியானால் தாக்குவதா விடுவதா என்பதை எது முடிவு செய்கிறது? சுத்தமான அந்நியப் புரதம் ஒன்றை உடம்பில் செலுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. கூடவே செத்த பாக்டீரியாவையோ படிகாரம் போன்ற ஒரு அலுமினிய உப்பையோ கலந்தால்தான் எதிர்ப்புக் கிளம்புகிறது. தடுப்பூசி தயாரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை, தன் துறை மறைத்து வைத்திருக்கும் அழுக்கு என்றே சார்ல்ஸ் ஜேன்வே 1989-ல் போட்டு உடைத்தார். அந்நியம் மட்டும் போதாது. வேறு ஏதோ வேண்டும். கிருமிகளுக்கே உரிய அடையாளங்கள் வேண்டும் என்றார் அவர். 1994-ல் பாலி மாட்ஸிங்கர் இன்னும் ஒரு படி தள்ளிப் போனார்: உடம்பு கேட்டுக்கொண்டிருப்பது ‘நீ யார்’ என்ற கேள்வியை அல்ல, ‘இங்கே யாருக்காவது காயம் பட்டதா’ என்ற கேள்வியை. காயத்தின் குரல் கேட்டால் எழுந்திருக்கும். கேட்காவிட்டால் அந்நியனும் குடியிருக்கலாம்.

மாட்ஸிங்கரைப் பற்றி ஒரு விஷயம். 1978-ல் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடும்போது, கர்த்தா இல்லாத செயப்பாட்டு வாக்கியங்களில் எழுத அவருக்குப் பிடிக்கவில்லை; ‘நான்’ என்று எழுதத் துணிச்சலும் வரவில்லை; ‘நாங்கள்’ என்று எழுதுவதற்காகத் தன் நாயின் பெயரைக் கூட்டாசிரியராகச் சேர்த்துவிட்டார். ‘தான்’ என்ற கோட்பாட்டை ஆட்டம் காணச் செய்தவர் ‘நான்’ என்ற சொல்லிடம் அப்படிக் கூச்சப்பட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. அவருடைய கோட்பாட்டை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் கேள்வி இடம் மாறிவிட்டது. எல்லையில் நின்றுகொண்டிருந்த கேள்வி, வீட்டுக்குள் யார் எப்படிச் சாகிறார்கள் என்ற கேள்வியாகிவிட்டது.

வயது வந்த ஒரு மனித உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் செத்துப் புதியவை வருவதாக ஒரு கணக்கு 2021-ல் வெளியாயிற்று. பெரும்பாலும் ரத்தச் செல்கள், பிறகு குடலின் உள்தோல். இந்த வாக்கியத்தை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்களுக்குள் ஒரு பெருநகரத்தின் ஜனத்தொகை போயிருக்கும். இத்தனை சாவு, ஒரு சிவப்பு இல்லை, ஒரு சுரம் இல்லை. ஆனால் விரலில் ஒரு சிலாம்பு ஏறி நூறோ ஆயிரமோ செல்கள் உடைந்தால் விரல் இரவெல்லாம் தெறிக்கிறது. எண்ணிக்கையில் இல்லை விஷயம். செத்த விதத்தில் இருக்கிறது.

ஆஸ்திரேலிய நோய்க்குறியியலாளர் ஜான் கெர் 1960-களில் எலியின் ஈரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தபோது இரண்டு விதச் சாவுகளைக் கண்டார். சில செல்கள் வீங்கி உடைந்தன, சுற்றிலும் அழற்சி. சில செல்கள் சுருங்கி, தம்மைத் தாமே சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டு, பக்கத்துச் செல்களால் விழுங்கப்பட்டு மறைந்தன, அழற்சி இல்லை. 1972-ல் வைலி, கர்ரி ஆகியோருடன் சேர்ந்து இந்த இரண்டாவது சாவுக்கு ‘அபொப்டோஸிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். மரத்திலிருந்து இலையோ பூவிலிருந்து இதழோ உதிர்வதற்கான கிரேக்கச் சொல். பழந்தமிழில் உதிர்ந்த பூவுக்கு ‘வீ’ என்று ஒரு பெயர் இருக்கிறது. வீதல் என்றால் சாதல். அபர்டீன்காரர்கள் கிரேக்கத்தில் தேடிய இரட்டை அர்த்தம் நம்மிடம் ஒரே எழுத்தில் கிடக்கிறது.

அழகான பெயர்தான். என் சந்தேகமும் அந்த அழகின்மீதுதான். இலை உதிர்கிற படிமம் வந்தவுடன் சாவு பருவமாகிவிடுகிறது, இயற்கையாகிவிடுகிறது, யாரும் எதுவும் கேட்கவேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. பின்னால் எழுதியவர்கள் இதற்குமேலும் போனார்கள். ‘தற்கொலை’ என்றார்கள், முழுமைக்காகத் தன்னைத் தரும் ‘தியாகம்’ என்றார்கள். கருவில் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கிறது, நடுவிலுள்ள செல்கள் சாவதால் விரல்கள் பிரிகின்றன என்பதை எல்லாப் பாடப்புத்தகமும் உதாரணம் காட்டும். சிற்பி கல்லைச் செதுக்குவது போல என்றும் சேர்த்துக்கொள்வார்கள். முழுமைக்காகச் சத்தமில்லாமல் செத்துப்போகும் உறுப்பினன்! எந்த அதிகாரத்துக்குத்தான் இந்த உபதேசக் கதை பிடிக்காது? நாம் கவிதையில் மௌனத்தை ஒரு பட்டமாக்கி வைத்திருப்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். எவனுடைய மௌனம், யாருக்குச் சௌகரியமான மௌனம் என்று கேட்பதில்லை.

செல்லுக்கு விருப்பம் கிடையாது. அதனிடமிருந்து நமக்கு ஒழுக்கம் எதுவும் பெயர்ந்து வராது என்று சொல்லி இந்தக் கதையைத் தள்ளிவிடலாம். தள்ளவேண்டியதும்தான். ஆனால் கதையில் உள்ள விவரங்களே கதைக்கு எதிராக இருக்கும்போது, தள்ளுமுன் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

சீனோராப்டைட்டிஸ் எலகன்ஸ் என்று ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்று உண்டு. அது வளரும்போது 1090 உடற்செல்கள் உண்டாகி, அவற்றில் 131 செத்து, 959 மிஞ்சுகின்றன. எந்தப் புழுவிலும் அதே 131, ஏறக்குறைய அதே நேரத்தில். ஸிட்னி ப்ரென்னர், ஜான் ஸல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்த வேலையில் இந்தக் கணக்கும் அடக்கம். இதைவிடத் திட்டமிட்ட தியாகம் எங்கே கிடைக்கும்? ஆனால் இந்தச் சாவுக்குத் தேவையான ஜீனைக் கெடுத்துவிட்டால் அந்த 131-ம் பிழைத்துவிடுகின்றன. புழு ஏறக்குறைய ஒழுங்காகவே ஜீவிக்கிறது. எலியில் இது நடக்காது, மனிதனிலும் நடக்காது. இருந்தாலும், முழுமைக்கு அந்தச் சாவு அவசியம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் குறைந்தபட்சம் ஒரு புழு வேறு பதில் சொல்லியிருக்கிறது.

அடுத்தது, இந்தச் சாவு மௌனமானது என்பதே சரியில்லை. உயிருள்ள செல் தன் மேல்சவ்வில் ஃபாஸ்ஃபாடிடைல்ஸெரின் என்ற ஒரு கொழுப்பை எப்போதும் உட்புறமாகவே வைத்திருக்கிறது. அது தானாக அங்கே தங்குவதில்லை. வெளியே வர வர, சக்தியைச் செலவழித்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். சாக ஆரம்பித்ததும் தள்ளுகிற யந்திரம் வெட்டப்படுகிறது. கலைத்துவிடும் வேறொரு யந்திரம் முடுக்கப்படுகிறது. கொழுப்பு வெளியே வருகிறது. பக்கத்துச் செல்களுக்கு அதுதான் ‘என்னைத் தின்னு’ என்ற அழைப்பு. தூரத்தில் இருக்கும் விழுங்கும் செல்களுக்கு வேறு தூது. 2009-ல் கண்டது: செத்துக்கொண்டிருக்கும் செல் கொஞ்சம் ஏ.டி.பி-யைக் கசியவிடுகிறது, அந்த வாடை பிடித்து மாக்ரோஃபேஜ்கள் வருகின்றன. ஆக, இலைபோல் உதிர்வதாகச் சொல்லப்பட்ட இந்தச் செல் கடைசி நிமிஷம்வரை பேசிக்கொண்டிருக்கிறது. ஊரைக் கூட்டாமல், அண்டைவீட்டுக்காரனிடம் பேசுகிறது.

உடைந்து சாகும் செல் என்ன செய்கிறது? அதே ஏ.டி.பி-தான், ஆனால் வெள்ளமாக. டி.என்.ஏ-வைத் தாங்கிக்கொண்டு உட்கருவுக்குள் வேலை செய்துவந்த ஹெச்.எம்.ஜி.பி.1 என்ற புரதம் வெளியே சிந்துகிறது. அது அபாய அறிவிப்பு ஆகிறது என்று 2002-ல் தெரிந்தது. 2003-ல் யூரிக் அமிலம். இவை ஒன்றும் விஷம் அல்ல. உள்ளே இருந்தவரை உழைப்பு, சிதறியபின் ஓலம். அபாயத்துக்கென்று உடம்பு தனியாக ஒரு சொல்லை உண்டாக்கி வைக்கவில்லை, இடம் தவறிய வீட்டுச்சாமானே போதுமாக இருக்கிறது. இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தெருவில் இறைந்து கிடக்கும் ஒரு வீட்டின் சமையல் பாத்திரங்களைப் பார்க்கும்போது நமக்குச் செய்தி சொல்ல வேறு ஆள் வேண்டாம்.

அழைப்பைக் கேட்டு வந்த மாக்ரோஃபேஜ், பெயருக்கு ‘பெருந்தீனிக்காரன்’, விழுங்குகிறது. நம் பாடப்புத்தகங்களில் அதைத் துப்புரவு செய்யும் செல் என்று எழுதி முடித்துவிடுவார்கள். (செத்ததை அப்புறப்படுத்துகிறவனை நம் சமூகம் எங்கே நிறுத்தி வைத்ததோ, விஞ்ஞானத் தமிழும் அங்கேயே நிறுத்திவிட்டது.) ஆனால் விழுங்கியபின் அது பழைய செல்லாக இருப்பதில்லை. 1997-ல் ஃபோல் முதலியோர் காட்டியது: அபொப்டோஸிஸில் செத்த செல்களுடன் சேர்த்து வைக்கப்பட்ட மானோசைட்டுகள், பாக்டீரியா நச்சைக் கொடுத்துச் சீண்டினாலும் கொதிப்பதில்லை, அழற்சியை மூட்டும் பொருட்களைக் குறைத்து, அடக்கும் ஐ.எல்-10-ஐ அதிகமாகச் சுரக்கின்றன. இன்னொரு வகைச் செல், கிளைகிளையாக இருப்பதால் டென்ட்ரைட்டிக் எனப்படுவது, இப்படி விழுங்கியதன் துணுக்குகளைத் தன் மேனியில் ஏந்திக்கொண்டு போய் நிணநீர்க் கணுக்களில் காத்திருக்கும் டி-செல்களுக்குக் காட்டுகிறது. அபாயச் செய்தி கூட இல்லாமல் காட்டப்படுவதை அந்த டி-செல்கள் சகிக்கக் கற்றுக்கொள்கின்றன. ரால்ஃப் ஸ்டைன்மன் இந்தச் செல்லைக் கண்டுபிடித்தவர். 2011-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தபோது அவர் செத்து மூன்று நாள் ஆகியிருந்தது; செய்தி ஸ்டாக்ஹோமுக்குப் போய்ச்சேரவில்லை.

நான் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. உடம்பு ‘தான்’ எது என்று கருவிலோ தைமஸிலோ ஒருமுறை படித்துப் பட்டம் வாங்கிவிடுவதில்லை. தினமும், தன் செத்த செல்களிலிருந்து அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கிறது. எவை யாரால் எவ்வளவு சீக்கிரம் எந்த முறையில் எடுக்கப்பட்டன என்பதில்தான் அந்தப் பாடம் இருக்கிறது. சகிப்பை நாம் அடிக்காமல் இருக்கும் பலசாலியின் பெருந்தன்மையாகவோ, சத்தமில்லாமல் சாகிறவனின் நற்குணமாகவோ பார்க்கப் பழகியிருக்கிறோம். இங்கே அது இரண்டு பேரிடமும் இல்லை. நடுவில், சாவை ஏற்றுக்கொள்கிறவன் செய்கிற வேலையில் இருக்கிறது.

அந்த வேலை நடக்காவிட்டால் என்ன? அழைப்பு விடுத்து, பொட்டலம் கட்டிக்கொண்டு, யாரும் வராமல் கிடக்கும் செல் கடைசியில் தானும் உடைகிறது. முதலிலேயே உடைந்த செல்லைப்போலவே உள்ளே இருப்பதெல்லாம் கொட்டுகிறது. பண்பாகச் செத்தது பலன் தரவில்லை.

லூபஸ் பற்றி இன்று தெரிந்திருப்பதில் ஒரு பெரும் பகுதி இதைச் சுற்றியே இருக்கிறது. 1948-ல் மேயோ க்ளினிக்கில் ஹார்க்ரேவ்ஸும் கூட்டாளிகளும் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் விசித்திரமான ஒரு வெள்ளையணுவைக் கண்டார்கள். வயிற்றுக்குள் இன்னொரு செல்லின் உட்கருவை விழுங்கி வைத்திருந்த அணு. ‘எல்.இ. செல்’ என்று அதைப் பல வருஷங்கள் வியாதியின் முத்திரையாக மட்டும் பார்த்தார்கள். செத்ததைப் பற்றிய வியாதி இது என்ற துப்பு அங்கேயே இருந்திருக்கிறது. ரத்தத்தில் சி1க்யூ என்ற புரதம் உண்டு. செத்த செல்களின்மேல் படிந்து அவற்றை விழுங்க உதவுவது அதன் வேலைகளில் ஒன்று. பிறவியிலேயே அது இல்லாதவர்கள் மிக அபூர்வம். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸோ அதைப் போன்றதோ வந்துவிடுகிறது. 1998-ல் போட்டோவும் சகாக்களும் அந்தப் புரதம் இல்லாத எலிகளை உண்டாக்கினார்கள். எலிகளின் சிறுநீரகம் அழற்சி கண்டது, அங்கே எடுக்கப்படாத செல் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. லூபஸ் நோயாளியின் ரத்தம் எதை எதிர்க்கிறது என்று பார்த்தால் டி.என்.ஏ., அதைச் சுற்றியிருக்கும் புரதங்கள், அதாவது செத்த செல்லைத் தவிர வேறெங்கும் வெளியே தென்படக்கூடாத சாமான்கள். வெயில் இவர்களுக்கு ஆகாது. புற ஊதாக் கதிர் தோல் செல்களைக் கொல்கிறது. எல்லோருக்கும் கொல்கிறதுதான், இவர்களுக்கு அந்தச் செல்கள் எடுக்கப்படாமல் தங்கிவிடுகின்றன.

இந்த வியாதிக்குக் காரணம் ஒன்றே என்று நினைத்துவிடக்கூடாது. ஜீன்கள், ஹார்மோன்கள் (பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள்), இன்டர்ஃபெரான் என்று பல கைகள் சேர்ந்து இழுக்கிற வண்டி அது. அக்காவுக்கு எந்தக் கை எவ்வளவு இழுத்தது என்று யாராலும் சொல்லமுடியாது. ஆனாலும் சில வருஷங்களுக்குமுன் ஒரு சாயங்காலம், எனக்குப் புரிந்த அளவுக்கு இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“அப்ப என் உடம்பு என்னை வெறுக்கலை. சாவு எடுக்க ஆள் பத்தலை. அவ்வளவுதானேடா?”

அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 27 வயதில் அவளுக்குச் சொல்லப்பட்ட வாக்கியத்தைவிட இது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முக்கியமாக, இதில் குற்றவாளி இல்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் நான் கட்டிய இந்தச் சித்திரத்துக்குள் அடங்காதவை இருக்கின்றன.

மௌனமான சாவைப் போலி செய்யமுடிகிறது. வாக்ஸினியா என்ற அம்மைக் குடும்பத்து வைரஸ் அதே ஃபாஸ்ஃபாடிடைல்ஸெரினைத் தன்மேல் போர்த்திக்கொண்டு, செத்த செல்லின் பொட்டலம்போல் நடித்து உயிருள்ள செல்களால் உள்வாங்கப்படுகிறது என்று 2008-ல் காட்டினார்கள். புற்றுக்கட்டிகளிலும் செல்கள் செத்துக்கொண்டேதான் இருக்கின்றன. அந்தச் சாவு அமைதியாக எடுக்கப்படுவதால் கட்டியைச் சுற்றிச் சகிப்பு நிலவுகிறது. அங்கே வேண்டியது கூச்சல். சில புற்று மருந்துகள் கொல்லும்போது, செல் கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தை மேலே தூக்கிக் காட்டிவிட்டுச் சாகிறது, அதனால் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது என்று 2007-ல் பாரிஸில் க்ரோமர், ஸிட்வோகல் குழுவினர் கண்டார்கள். எத்தனை செல்லைக் கொன்றது என்பதோடு, அவை செத்த செய்தி கேட்டதா என்பதும் மருந்தின் பலனில் சேர்ந்துவிட்டது.

உடம்பும் கூச்சலைக் கைவிட்டுவிடவில்லை. அமைதியான சாவுக்கான வழியைக் கிருமி ஒன்று அடைத்துவிட்டால், செல் வேண்டுமென்றே உடைந்து சாக ஒரு மாற்றுவழி கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 2005-ல் அதற்கு நெக்ரொப்டோஸிஸ் என்று பெயர் வந்தது. இரண்டு வழிகளுக்கும் நடுவில் காஸ்பேஸ்-8 என்ற என்ஸைம் காவல் நிற்கிறது. அது இல்லாத எலி கருவிலேயே சாகிறது. காஸ்பேஸ்-8 உயிருக்கே தேவை என்று பல வருஷம் நினைத்தார்கள். 2011-ல் மாற்றுவழியையும் சேர்த்து அடைத்துப் பார்த்தபோது எலி பிறந்துவிட்டது. ஆக, அந்தக் காவலன் பிரதானமாகச் செய்துகொண்டிருந்தது, உள்ளுக்குள் எந்நேரமும் தயாராக இருக்கும் ஒரு அலறலை வாய்பொத்தி வைப்பது. இந்த எலிகள் முழுச் சௌக்கியமாகவும் இல்லை. சாகவேண்டிய வெள்ளையணுக்கள் சாகாமல் குவிகின்றன.

எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்வது கண். கண்ணுக்குள் அழற்சி வந்தால் பார்வை போகும். ஆகவே அங்கே கலவரம் அனுமதிக்கப்படுவதில்லை. எப்படி? 1995-ல் கிரிஃபித்தும் சகாக்களும் கண்டது: கண்ணின் திசுக்கள் ஃபாஸ் லைகண்ட் என்ற ஒன்றை ஏந்தியிருக்கின்றன; சண்டைக்குத் தயாராக உள்ளே வரும் வெள்ளையணு அதைத் தொட்டால் சாகிறது, அமைதியான சாவாக. அந்தச் சாவிலிருந்தும் உடம்பு சகிப்பைக் கற்றுக்கொள்கிறது. கண்ணின் சமாதானம் இது. நான் மேலே சொன்ன ‘ஏற்றுக்கொள்ளும் வேலை’ இதற்கும் பொருந்துகிறது; ஆனால் இங்கே ஏற்றுக்கொள்கிறவனேதான் கொல்கிறவனும். அண்டைவீட்டுப் பரிவு என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தச் சமாதானம் ஒரு காயத்தில் உடைந்துபோவதும் உண்டு. ஒரு கண்ணில் ஆழமாகக் குத்துப்பட்டு, அதுவரை உள்ளே மறைந்திருந்த பொருட்கள் வெளிப்பட்டால், சில வாரமோ மாதமோ கழித்து, காயமே படாத மற்ற கண்ணும் தாக்கப்படலாம். ‘சிம்பதெடிக் ஆஃப்தல்மியா’ என்று பெயர். அனுதாபக் கண்ணோய் என்று சொல்லவேண்டியிருக்கும். பிரான்ஸில் கூப்வ்ரே என்ற ஊரில் 1812-ல், குதிரைச் சேணம் தைக்கும் அப்பாவின் பட்டறையில் விளையாடிய மூன்று வயதுப் பையன் குத்தூசியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டான். ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. லூயி ப்ரெய்ல். அவனுக்கு வந்தது இந்த வியாதிதான் என்று பலர் கருதுகிறார்கள். இரண்டாவது கண் எதையும் செய்யவில்லை, அதற்கு எதுவும் நடக்கவும் இல்லை. பக்கத்துக் கண்ணின் சேதி அதற்குப் போய்ச்சேர்ந்தது, அவ்வளவே. இதற்கு அனுதாபம் என்று பெயர் வைத்தவருக்கு விபரீதமான நகைச்சுவை உணர்வு இருந்திருக்கவேண்டும், அல்லது அறவே இல்லாமல் இருந்திருக்கவேண்டும்.

ஆக, எந்தச் சாவு கேட்கப்படவேண்டும், எது கேட்கப்படாமல் எடுக்கப்படவேண்டும் என்பதற்கு உடம்பிடம் பொதுவான விதி இல்லை. குடலில் ஒன்று, கட்டியில் ஒன்று, கண்ணில் ஒன்று. அழற்சியைக் கெட்டது என்றும் சகிப்பை நல்லது என்றும் ஜோடி சேர்த்த நம் சொற்கள்தான் விதி இருப்பதுபோல் பேசுகின்றன. அழற்சி கிளம்பாமலே போனால் ஒரு சாதாரண முள் நம்மைக் கொன்றுவிடும்.

கட்டுரையை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். வெயில் தாழ்ந்தபின்தான் அவள் வீட்டைவிட்டு இறங்குவாள்; அப்போதும் குடை உண்டு. ஆறு மணிக்குக் கொண்டுவந்து தந்தாள். ஓரிடத்தில் மட்டும் பென்சில் கோடு. சாவை ‘ஏற்றுக்கொள்கிறவன்’ என்று நான் எழுதியிருந்த இடம்.

“விழுங்கறதுன்னுதானே முன்னாடி எழுதியிருக்கே. இங்க வந்து ஏன் மாத்தினே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. சொல்லை மாற்றவும் இல்லை.